கலெக்டரின் குறிப்பும் நம் நாவல்களும்

தமிழ் நாவலின் பிறப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1893ஆம் வருஷத்தைச் சொல்லத் தவறுவதில்லை. ராஜமையர் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடங்கிய வருஷம் அது. அதே வருஷம், அதே சென்னையில், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயரிட்டே ஒரு பத்திரிகை தொடங்கினார். இதை இலக்கிய சரித்திரக்காரர்கள் அநேகமாகச் சொல்வதில்லை. அதற்கும் முந்திய வருஷம், 1892 செப்டம்பர் 30ஆம் தேதி, சென்னை சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்லும் விஷயத்துக்கு மூலம் அந்த உத்தரவு. அந்த உத்தரவுக்கு மூலம் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்பைச் சர்க்கார் காகிதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. நாவலாசிரியன் கவனிக்க வேண்டியதையெல்லாம் அந்த மனுஷர் கவனித்திருக்கிறார். படியாள் வாங்கிய சொற்பக் கடன் எப்படி ஒரு குடும்பத்தையே கட்டிப்போடுகிறது. குடிசை நிற்கும் மண்கூட அவனுடையதில்லை, மிராசுதாருடையது என்று ஆகிவிட்டபின் அவன் எப்படி வாய் திறப்பான். தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கு அவன் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரின் முன்னுரிமை எப்படிக் குறுக்கே வந்து நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கண்ணீர் விடவில்லை. உபதேசம் இல்லை. 'ஐயோ பாவம்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தால்கூட அந்த எழுத்தின் பலம் பாதியாகியிருக்கும். துரைக்குத் தம் அதிகாரத்தின் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான். வெள்ளைக்கார சர்க்காரின் வரி வசூலே மிராசுதாரை நம்பித்தான் நடந்தது என்பதை அவர் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்தக் காலத்துத் தமிழ் வசனத்தில் சேரிக் குடிசையின் அடிமனை யாருக்குச் சொந்தம் என்று கேட்ட பக்கம் ஒன்றை நான் படித்ததில்லை. ராஜமையரின் சிறுகுளத்தில் வம்புப் பேச்சு உண்டு, வேதாந்தம் உண்டு, அபாரமான ஹாஸ்யம் உண்டு. அந்த ஊருக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

நிலம் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை, நிபந்தனையோடு கொடுத்தார்கள். பத்து வருஷம் விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது. மீறினால் அந்தக் கிரயம் செல்லாது. நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாங்கினவன் பெயரில் நிலம் இருந்தாலும் சர்க்கார் காவலில் அது நிற்கிறது என்று அர்த்தம். இப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்று நில மீட்பு இயக்கத்தார் கணக்குச் சொல்கிறார்கள்.

ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1887இல் வந்த டாஸ் சட்டம் அந்நாட்டுத் தொல்குடிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, 25 வருஷம் சர்க்காரே தர்மகர்த்தாவாக இருக்கும் என்றது. மிச்ச நிலம் 'உபரி' என்று வெளியாருக்குப் போயிற்று. காவல் காலம் தீர்ந்ததும் கொடுத்ததிலும் பெரும்பகுதி கைமாறியது. 13.8 கோடி ஏக்கர் 1934க்குள் சுமார் 4.8 கோடியாகச் சுருங்கிவிட்டது. அங்கே காவலுக்குக் கெடு இருந்தது. கெடு முடிந்ததும் போயிற்று. இங்கே கெடுவே கிடையாது. இருந்தும் போயிற்றே, எப்படி? அந்த 'எப்படி'யில்தான் கதை இருக்கிறது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றால் ஒரு பக்கம் பட்டணத்துக்குக் குடிதண்ணீர். மேற்கே போகிற சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். இதெல்லாம் டிரெமென்ஹீரின் பழைய செங்கல்பட்டு ஜில்லா. ஏரிப் பாசன காலத்தில் நன்செய்க்குத்தான் மதிப்பு. சேரிக்காரனுக்குக் கிடைத்ததோ, பொதுவாக, தண்ணீர் ஏறாத தரிசும் மேடும். கார் செய்கிற கம்பெனிக்கு வாய்க்கால் எதற்கு? மேட்டு நிலம்தான் சௌகரியம். யாரும் வேண்டாமென்று தள்ளிய மண்ணுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை வந்த பிறகு, நூறு வருஷத்துக் கைநாட்டுகளுக்கெல்லாம் திடீரென்று அர்த்தம் வந்துவிட்டது.

பஞ்சமி என்ற சொல்லைக் கொட்டகை கொட்டகையாகக் கொண்டுபோனது 2019இல் வந்த 'அசுரன்' படம். பூமணியின் 'வெக்கை' (1982) நாவலிலிருந்து எடுத்தது. நாவலில் பஞ்சமிப் பேச்சு கிடையாது. வெற்றிமாறன் முன்கதையில் சேர்த்தார். சேர்த்தது நல்ல காரியம். லட்சக்கணக்கான பேர் அந்தச் சொல்லின் அர்த்தத்தை அன்றைக்குத்தான் விசாரித்தார்கள். ஆனால் படத்தில் நிலம் போவது அடியாளாலும் தீயாலும். அப்படியும் போயிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பெரும்பாலும் போனது வேறு விதம். கல்யாணக் கடனுக்குப் பேச்சளவில் ஒத்தி, பினாமி பெயரில் கிரயம், கணக்குப்பிள்ளை அடங்கலில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதுவது. இதில் ரத்தம் இல்லை. ஆகையால் சினிமாவுக்கு ஆகாது. நாவலுக்கு ஆகும்.

படத்தின் கடைசியில் தகப்பன் மகனுக்குச் சொல்லும் புத்திமதியைப் பலர் கைதட்டிக் கேட்டார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது, படி என்கிறான். தகப்பன் சொன்னால் நியாயம்; அடிபட்டவன் அவன். படமும் அவனோடு சேர்ந்து அப்படியே முடிந்துபோவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிடுங்கக்கூடாது என்று 1892லிருந்து சர்க்காரே ஒப்புக்கொண்ட நிலம் அது. படிப்பைக் காட்டி நிலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வது, படிப்பும் நிலமும் இரண்டுமே உள்ளவர்களாகிய நமக்கு ரொம்ப வசதியான முடிவு. நாம் கைதட்டியதில் ஆச்சரியம் இல்லை.

கரணை கிராமத்து ஜனங்கள் அப்படி முடித்துக்கொள்ளவில்லை. பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் கூடியபோது போலீஸ் சுட்டு, ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் இறந்தார்கள். கலெக்டர் குறிப்பு எழுதி நூற்று மூன்று வருஷத்துக்குப் பிறகு, அதே ஜில்லாவில்.

இதை எழுதப்போகிறவருக்குப் பெரிய வீரன் வேண்டியதில்லை. கிராமத்துக் கணக்கு நோட்டில் ஒரு சர்வே நம்பர், அதற்கு நேரே தலைமுறை தலைமுறையாக மாறிவரும் பெயர்கள், அந்த நோட்டைப் பார்க்க வேண்டுமென்று தாலுகா ஆபீஸ் வராந்தாவில் மூன்றாவது நாளாகக் காத்திருக்கும் ஒரு கிழவி. நான் படித்தவரையில் தமிழில் அந்த நாவல் இன்னும் வரவில்லை.