துரைத்தனமும் தோட்டக் கணக்கும்: கோ. நடேசய்யரின் பத்திரிகைப் பணி பற்றிய ஒரு மதிப்பீடு

ஆட்சியின் உச்சியில் நிகழும் ஊழலைப் பத்திரிகையாளர் துருவி வெளிப்படுத்துவதற்கு எடுத்துக்காட்டாகப் பெரிதும் கூறப்படுவது 1972இல் தொடங்கிய வாட்டர்கேட் விவகாரமாகும். வாஷிங்டன் போஸ்ட் நிருபர் இருவரின் தேடலும், நீதிமன்றத்தினதும் காங்கிரசினதும் விசாரணைகளும் சேர்ந்து 1974இல் ஜனாதிபதி நிக்சனைப் பதவி துறக்கச் செய்தன. அங்கே சட்டம் இருந்தது. ஆட்சியாளர் அதனை மறைவில் மீறினர். மீறல் வெளிப்பட்டதும் சட்டம் தன் கடமையைச் செய்தது. இவ்வளவுகோலை அப்படியே மலையகத்திற்குப் பொருத்தினால் அங்கு நிகழ்ந்த முதன்மையான பத்திரிகைப் பணி கணக்கில் வராமற் போகும். திம்புள்ள முதலிய தேயிலைப் பிரதேசங்களில் அநீதி சட்டத்தை மீறி நிகழ்ந்ததிலும் பார்க்கச் சட்டத்தின் துணைகொண்டு நிகழ்ந்ததே அதிகம்.

தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் (1887–1947) தோட்டங்களை அறிய முற்பட்ட காலத்தில், துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் லயங்களுக்குட் செல்ல முடியாதிருந்தது. அவர் புடைவை வியாபாரி வேடம் பூண்டு உட்புகுந்தார். இதனை வெறும் சாகசமாகக் கொள்வது பொருந்தாது. பாதையே மூடப்பட்டிருந்த இடத்தில் வேடம் ஓர் ஆய்வுமுறையாயிற்று. மறைக்கப்பட்டிருந்தது தனியொரு ஆவணமன்று; ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்க்கையே மறைக்கப்பட்டிருந்தது.

1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகள் வழியாக அவர் மேற்கொண்ட பணியின் சிறப்பு, துன்பத்தைக் கணக்காக மாற்றிக் காட்டியமையாகும். துண்டு முறை இதற்குத் தக்க சான்று. தொழிலாளியின் கடனைக் குறித்த ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டு கங்காணி தன் ஆட்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினான். புதிய தோட்டம் கொடுத்த பணம் மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே கடனாக ஏறியது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரையில் அது குற்றமெனக் கருதப்படவில்லை. பெருந்தோட்ட நலன்களின் பிரதிநிதிகள் சட்டநிரூபண சபையிலேயே வீற்றிருந்த நாட்டில், செக்ரோல் கணக்கும் அரசாங்கத்தின் கொள்கையும் வெவ்வேறானவையல்ல. நடேசய்யர் தமது ஆங்கில நூலொன்றிற்கு 'பிளாண்டர் ராஜ்' எனத் தலைப்பிட்டமை இவ்வுண்மையை அவர் நன்குணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்றாகும். லயத்துக் கடனை ஆராய்ந்தவர் ஆட்சியின் உச்சியையே ஆராய்ந்தவராகிறார்.

1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1929இல், மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்சம்பளம் விதிக்கப்பட்டது. இதனை ஒரு பத்திரிகையின் வெற்றியாக மட்டும் கூறுதல் மிகைப்படக் கூறலாகும். இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் இதற்குக் காரணமாயிருந்தது. ஆயினும் சட்டம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டபின், கையிற் கிடைத்த காசை அத்தொகையோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கத் தொழிலாளியால் முடிந்தது. அக்கேள்விக்கு மொழி தந்தவை இத்தகைய பத்திரிகைகளே.

அவரது பணியின் எல்லையும் இங்கேயே தோன்றுகிறது. 1925இல் அவர் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். வாயில்லாத மக்களுக்கு அவரே பத்திரிகையும் சங்கமும் சபைக் குரலுமானார். காலத்தின் தேவை அதுவாயிருக்கலாம். ஆனால் வினவுபவனும் வினவப்பட வேண்டியவனும் ஒருவனேயாகும்போது, சங்கத்தையும் தலைவரையும் துருவி நோக்கும் பேனா எங்கிருந்து வரும்? அவரை மலையகத்தின் விடிவெள்ளியாகப் போற்றுவோர் பலர். இவ்வினாவை எழுப்புவோர் சிலரே. அவருக்குப்பின் மலையகத்தில் சங்கங்கள் பெருகிய அளவுக்குச் சங்கஞ்சாராப் பத்திரிகை மரபு வலுப்பெறாமற் போனமைக்கு இத்தொடக்கமும் ஒரு காரணமெனலாம்.

1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. வாக்கில்லாதவருக்காக எழுதப்படும் உண்மைக்கு ஆட்சியாளர் அஞ்ச வேண்டியதில்லை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்றவரும், வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவருமான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), அதன்பின் தம் மக்களின் கதையைப் பெரிதும் இலக்கியத்தின் வழியே பதிவு செய்தமை தற்செயலன்று. செய்தி வலுவிழந்த இடத்தில் இலக்கியம் சாட்சியாயிற்று.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், வேடமின்றியே அரச ஆவணங்களைக் கோரும் வழியைத் திறந்துள்ளது. எனினும் 2009 ஜனவரி 8ஆம் நாள் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டமை, சட்டம் மட்டும் போதாது என்பதை ஏற்கெனவே உணர்த்தியிருந்தது. நடேசய்யர் விட்டுச்சென்ற முதுசொம் அவரது வேடமோ பதவியோ அன்று. அதிகாரம் எழுதிய கணக்கை, அக்கணக்கிற் கடனாளியாக்கப்பட்டவனின் பக்கத்திலிருந்து படிக்கும் முறையேயாகும். அம்முறையைத் துரைத்தனத்தின் மீது மட்டுமன்றித் தம்மவரின் சபைகள்மீதும் சங்கங்கள்மீதும் செலுத்தும் துணிவு வரும்போதே அவர் தொடங்கிய பணி நிறைவுறும்.