தாய்வழியும் நமது இலக்கியமும்

தாய்மையைப் போற்றாத தமிழ் எழுத்தாளர் இலர். மேடைப் பேச்சிலும் பாடநூலிலும் சிறுகதையிலும் அன்னை தெய்வமாகவே வீற்றிருக்கிறாள். ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கற்றறிந்த ஒருவரிடம், அவருடைய தாயின் தாயைப் பெற்றவள் பெயர் யாது என்று கேட்டுப் பாருங்கள். பூட்டனின் பெயரையும் அவர் தேடிய காணியின் பெயரையும் சொல்லத் தெரிந்தவர், பூட்டியின் பெயருக்குத் தயங்குவார். போற்றுதலும் மறதியும் ஒரே நாவில் எவ்வாறு குடியிருக்கின்றன? இக்கேள்வியை எழுப்பாத திறனாய்வு, தாய்மை பற்றிய எந்தப் படைப்பையும் சரியாக எடைபோட முடியாது என்பதே நமது கருத்து.

நமது குடும்பங்களின் முன்னோரான பெண்கள் எழுத்தில் அடியோடு இல்லாதவர்கள் அல்லர். கதையிலும் கவிதையிலும் இடம்பெறாத அவர்கள், பெட்டகத்துச் சீதன உறுதிகளில் இருக்கின்றனர். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்த தேசவழமை, தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும் தாய்வழிச் சீதனம் பெண்மக்களுக்கும் சென்ற பழைய வழக்கைப் பதிவு செய்கிறது. தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேர்த்திக்கும் காணி கைமாறியபோது பெண்களின் பெயர்களும் உடன் சென்றன. இதைக் காட்டி, யாழ்ப்பாணத்துப் பெண் சொத்துரிமை உடையவள் எனப் பெருமை பேசுவோர் உளர். உரிமை இருந்தது; ஆட்சி இருந்ததா? தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றித் தன் அசையாச் சொத்தைத் தன் வாழ்நாளில் கைமாற்ற முடியாது என்பதே 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதி. காணி அவள் வழியாகச் சென்றது. அவள் சொற்படி செல்லவில்லை. குலமும் சாதியும் குடும்பப் பெருமையும் அவ்வாறே அவள் வயிற்றின் வழியாகச் சென்றன. அவளது விருப்பத்தை எவரும் கேட்டிலர்.

உறுதியேனும் உள்ளவர்களின் கதை இது. காணியே இல்லாதவர்களின் அன்னையர் எங்கே? குழந்தையை வேலியோர நிழலில் கிடத்திவிட்டுப் பிறர் புகையிலைத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கியவளுக்கு நொத்தாரிசு எதை எழுதியிருப்பார்? அவளுடைய தாய்மை கூலிக்கும் பசிக்கும் இடையே கிடந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972 இல் வெளிவந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களின் வாழ்வை நாவலின் நடுவில் நிறுத்தியது. அதன்பின், தாய்மை எல்லார்க்கும் ஒன்றே என்று பொதுப்படப் பாடுவது எளிதாக இருக்கக் கூடாது. எந்தத் தாய், எவருடைய நிலத்தில், எந்த நிலையில் என்று கேட்கும் கடமை நமக்கு வந்துவிட்டது.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு சில படைப்புகளை நோக்குவோம். மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914 இல் வெளிவந்தது. ஈழத்துப் பெண்ணொருத்தி எழுதிய முதல் தமிழ் நாவல் என்று மட்டும் அதைக் குறிப்பிட்டுக் கடந்துவிடுவது நம் இலக்கிய வரலாற்றாசிரியரின் வழக்கம். வீட்டுச் சுவருக்குள் மனைவி படும் துன்பத்தை அந்நூல் பொதுமக்கள் முன் வைத்தது. அது பெரிய துணிவு. ஆயினும் தலைப்பிலேயே வேதாகமத்தின் குரல் கேட்கிறது. துன்பத்தைப் பொறுமையாகத் தாங்குவதை நூல் ஓர் ஆன்மிகப் பேறாக உயர்த்திவிடுகிறது. நோயைச் சரியாகக் கண்ட கை, மருந்தாகப் பொறுமையையே நீட்டியது. அக்காலத்தின் எல்லை அது என்று விளங்கிக்கொள்ளலாம். அதே பொறுமையை இன்றைய எழுத்தாளரும் நீட்டினால் ஏற்க இயலாது.

1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றிற்று. கைதான பிள்ளைகளுக்காக அன்னையர் வீதிக்கு வந்து நியாயம் கேட்டனர். 1986 இல் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுதியை வெளியிட்டது. சங்கரி, சிவரமணி, ஊர்வசி, ஔவை முதலிய பத்துப் பெண்கள் அதில் எழுதினர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் வேண்டும். வீதிக்கு வந்தவர்கள் தாயர் என்ற தகுதியில் பேசினர். சமூகம் அவர்களுக்கு அனுமதித்த குரல் அது ஒன்றே. கவிதை எழுதியவர்களோ தாய், மகள், மனைவி என்ற பெயர்களுக்கு அப்பால் நின்று, மனிதப் பிறவியாகப் பேச முயன்றனர். முன்னதன் துணிவும் பின்னதன் தெளிவும் ஒன்றுசேர்ந்த பெரும்படைப்பையே நாம் எதிர்பார்க்கிறோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரப் போராட்டத்தைத் தொடங்கியபோதும், கண்ணீர் வடிக்கும் அன்னையைப் படமாக்கியவர் பலர். அவள் கேட்ட அரசியற் கேள்வியைச் செவிமடுத்தவர் எத்துணைப் பேர்?

பாடசாலைகளில் குலமுறை வரையச் சொல்லும்போது தந்தைவழிக் கோட்டோடு நாம் நிறைவடைந்துவிடுகிறோம். தாய்வழிக் கோட்டையும் மாணவர் வரையட்டும். பாட்டி பூட்டியரின் பெயர், அவர்கள் செய்த தொழில், பெற்ற பிள்ளைகள், பறிகொடுத்த பிள்ளைகள், கற்க விரும்பிக் கல்லாமற் போனது ஆகியவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதட்டும். உறுதி உள்ள வீட்டுப் பிள்ளையின் தாளும் உறுதி இல்லாத வீட்டுப் பிள்ளையின் தாளும் ஒரே மேசையில் அருகருகே கிடக்கும்போது, நமது சமூகத்தின் வரலாறு அங்கே தெரியும். அதைக் கண்ட பிள்ளைகள் நாளை எழுதவும் வாசிக்கவும் வருவார்கள். அவர்கள் முன் அன்னையைத் தெய்வம் என்று சொல்லித் தப்பிச் செல்வது எந்த எழுத்தாளருக்கும் எளிதாக இராது.