‘நிறுத்து!’ என்று கத்தலாம்: ஃபோரம் தியேட்டரைப் பார்ப்பது எப்படி?

திரை விழுந்ததும் கைதட்டிவிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு ஃபோரம் தியேட்டர் ஒத்துவராது. முதலில் ஒரு சிறு நாடகம். யாரோ ஒருவர் அநியாயமாகத் தோற்றுப்போவதோடு அது முடியும். பிறகு அதையே மறுபடி போடுவார்கள். இந்த முறை நீங்கள் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, தோற்றவரின் இடத்தில் நின்று வேறு விதமாக நடந்து பார்க்கலாம்.

இதன் மூலவர் பிரேசிலின் அகஸ்டோ போவால். 1973இல் பெரு நாட்டில், கணவனிடம் ஏமாந்த ஒரு பெண்ணின் கதையை அவருடைய குழு நடித்தது. அவள் என்ன செய்யலாம் என்று பார்வையாளர்கள் யோசனை சொல்ல, நடிகர்கள் அப்படியே நடித்தார்கள். கணவனிடம் தெளிவாகப் பேச வேண்டும் என்றார் ஒரு பெண்மணி. நடிகை எப்படிப் பேசியும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில் போவால் அவரையே மேடைக்கு அழைத்தார். அவர் துடைப்பத்தை எடுத்துக் ‘கணவனை’ வெளுத்துவிட்டு, மன்னித்து, சாப்பாடு எடுத்துவரச் சொன்னார்!

சிங்கப்பூரில் தி நெசசரி ஸ்டேஜ் குழு 1993இல் இதை மேடையேற்றியது. ஒரு நாடகம் ஆணாதிக்கக் கணவனைப் பற்றியது, இன்னொன்று இனம் கடந்த காதலைப் பற்றியது. அடுத்த ஜனவரியிலேயே, எழுதிய வசனம் இல்லை, பார்வையாளர் திடீரென்று பங்கேற்கிறார்கள், பொது ஒழுங்குக்கு ஆபத்து என்று சொல்லி அரசு நிதியாதரவை நிறுத்தியது. 2003இல்தான் அந்த நிதித் தடை விலகியது. அரசு அஞ்சியது என்னவோ சரியான இடத்தைப் பார்த்துத்தான். அடுத்து ஏறுகிறவர் என்ன பேசுவார் என்று யாருக்கும் தெரியாது, சுவையும் அங்கேதான்.

சம்பளம் கிடைக்காத ஒரு கட்டுமான ஊழியரின் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறுகிறவர் பெரும்பாலும் கத்துவார். முதலாளி இன்னும் இறுகிப்போவார். அடுத்தவர் அதே கோபத்தோடு, ஆனால் குரலை உயர்த்தாமல், 2016 முதல் சட்டப்படி தர வேண்டிய சம்பளச் சீட்டைக் கேட்பார். மூன்றாமவர் அறைத்தோழர்களையும் கூட்டிக்கொண்டு போவார். ஒருவருடைய ஆத்திரம் கைமாறிக் கைமாறிப் பக்குவப்படுவதைக் கவனியுங்கள். ‘பொறுத்துப் போ தம்பி’ என்று சொல்லவும் ஒரு பெரியவர் ஏறுவார். நம் கூட்டத்தில் அவர் இல்லாமலா?

முதலாளியாக நடிப்பவர்மீது ஒரு கண் இருக்கட்டும். உடனே மனம் திருந்திவிட்டால் அவர் மோசமான நடிகர். ஆட்டத்தை நடத்துபவருக்கு ஜோக்கர் என்று பெயர். நல்ல ஜோக்கர் தீர்ப்புச் சொல்லமாட்டார், ‘இது நடக்கிற காரியமா?’ என்று கூட்டத்தைக் கேட்பார். உபதேசம் தொடங்கினால் எழுந்து வந்துவிடலாம், பாவமில்லை.

வில்லனே இல்லாத வகையும் உண்டு. 2015இல் டிராமா பாக்ஸ் குழு, புதிய எம்ஆர்டி நிலையத்துக்காக ஏழு இடங்களில் எதை இடிப்பது என்று பார்வையாளர்களையே முடிவெடுக்க வைத்தது. அங்கே கோபம் பக்கத்து நாற்காலிக்காரர்மீதுதான்.

மேடையேறும் முன் பயிற்சிக்கு, ஒரு ஞாயிறு மாலை சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக்குப் போங்கள். ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடம். 2013 டிசம்பர் 8 இரவு, தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் மூண்டு, போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸும் எரிந்தது இங்கேதான். ஏன் நடந்தது என்று விசாரணைக் குழு ஆராய்ந்தது. நீங்கள் வேறொன்றை யோசியுங்கள்: அந்த இரவில் எந்த நொடியில் ‘நிறுத்து’ என்றிருப்பீர்கள், யாருடைய இடத்தில் நின்றிருப்பீர்கள்? நண்பர் ஒருவரையும் கூட்டிப்போங்கள். இருவரும் ஒரே ஆளைச் சொல்லமாட்டீர்கள்.