தூரத்து மிஸ்றும் பக்கத்துக் குடாவும்

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கொரு கேள்வி எழும். முன்னோடிகள் என்று நாம் எண்ணும் மூன்று கதைகளும் ஏன் இவ்வளவு தூரத்தில் நடக்கின்றன? சித்திலெவ்வையின் 'அஸன்பேயுடைய கதை' (1885) மிஸ்றிலே தொடங்கி பம்பாய், கல்கத்தா என்று போகிறது. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஐரோப்பியக் கதையொன்றின் தழுவல். அதே ஊர் சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) நாயக்கர் காலத் தஞ்சைக்கும் திருச்சிக்கும் போய்விடுகிறது. மூவரில் இருவர் துறைமுகத்துக்காரர். கதைக்களமோ துறைமுகம் அல்ல.

மண்வாசனை இல்லை என்று இவற்றை ஒதுக்குவது சுலபம். நான் ஒதுக்கமாட்டேன். 1883இல் ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்தார். சித்திலெவ்வைக்கு அதன்பின் மிஸ்று வெறும் பெயரல்ல, பழகிப் பேசிய ஒரு மனிதர். சிறு தொகையாய் இருந்த ஒரு சமுதாயம் தன்னைப் பெரிய உலகமொன்றின் பிள்ளையாகப் பார்க்க அந்தத் தூரம் உதவியது.

ஆனால் அந்தப் பார்வைக்கு ஒரு குறையும் உண்டு. சின்ன வயதில் பிரிக்கப்பட்ட அஸன் கடைசியில் உறவுகளோடு சேர்கிறான். இடையில் வீட்டிலே காத்திருந்தவர்களின் அன்றாடம் என்னவென்று கதை நின்று பார்ப்பதில்லை. பிரிவு அங்கே சாகசத்துக்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

பார்வையை வீட்டுக்குத் திருப்பியவர்களில் மூதூர் வ.அ. இராசரத்தினம் முக்கியமானவர். அவருடைய 'தோணி'யில் சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவ இளைஞனுக்குத் தூரதேசம் தேவைப்படவில்லை; கரைக்கும் தோணிக்கும் இடையிலுள்ள சில முழமே அவனுக்கு எட்டாத தூரம்.

அதே மூதூரிலிருந்துதான் றிசானா நபீக் சவூதிக்கு வேலைக்குப் போனாள். 2013 ஜனவரி 9இல் அங்கே மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. சித்திலெவ்வை கனவாகக் கண்ட அறபுலகம் எங்கள் வீடுகளுக்கு இப்படியும் வந்து சேர்ந்தது. அவளுக்காகக் கவிதைகள் நிறைய எழுதினோம். பெரும்பாலானவை அழுதன, அவளைப் போகவைத்த வறுமையை, ஏஜென்சியை, நமது மௌனத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தவை குறைவு.

அஸன்பே பாடம் முடிந்த அன்று ஒரு பிள்ளை கேட்டாள்: "ஸேர், இதுல புள்ளதான் தூரத்துக்குப் போகுது. எங்கட வீட்டுல உம்மாதானே போயிருக்கா. அந்தக் கதைய யாரு எழுதின?"

எனக்குச் சொல்ல ஒரு நூலின் பெயர் உடனே வரவில்லை. நீயே எழுது மகள் என்றேன். அது பதில் அல்ல என்பது எனக்கே தெரியும்.