ஓடும் வீட்டுக்கு நிற்க ஓர் இடம்

அமெரிக்காவில், சொந்த வீட்டை விற்றுவிட்டோ வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டோ மோட்டார் ஹோமில் குடியேறி, ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்றபடி வாழ்பவர்கள் ஏராளம். படப்பிடிப்புக்கு வரும் ‘கேரவன்’ நமக்குத் தெரியும். ஏறக்குறைய அதே வண்டிதான் இவர்களுக்கு நிரந்தர வீடு. இவர்களைப் பற்றி எழுதுவோர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். வீட்டுக்கடனிலிருந்தும் அன்றாட அலுப்பிலிருந்தும் கிடைத்த விடுதலை என்கிறது ஒரு கட்சி. முதுமையில் வாடகை கொடுக்க வழியில்லாதவர்களின் அலைச்சல் என்கிறது இன்னொன்று. ஜெசிக்கா ப்ரூடர் 2017-ல் வெளியிட்ட ‘நோமேட்லேண்ட்’ நூலும், அதைத் தழுவி க்ளோயி ஷாவ் இயக்கி 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற திரைப்படமும் இந்த இரண்டாம் பக்கத்தை உலகறியச் செய்தன.

இரு கட்சியும் வண்டி ஓடுவதையே பார்க்கின்றன. அந்த வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்க முடியும், யார் அனுமதியில் நிற்கிறது என்று பார்த்தால்தான் இந்த வாழ்க்கையின் உண்மையான நிறையும் குறையும் பிடிபடும்.

நிறைகளிலிருந்து தொடங்குவோம். சாதாரண வீட்டில் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, கழிவு எங்கோ போகிறது. இங்கே இரண்டுக்கும் கணக்கு உண்டு. நல்ல தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், நிரப்பிய தண்ணீரின் எடை மட்டும் 150 கிலோ. வண்டி தாங்கும் சுமைக்கு வரம்பு இருப்பதால், அந்த எடைக்கு ஏற்பத் தட்டுமுட்டுச் சாமான்களைக் குறைத்தாக வேண்டும். குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் ஒரு தொட்டி, மலக்கழிவுக்குத் தனித் தொட்டி. நிரம்பியதும் கழிவை இறக்கும் நிலையத்துக்கு வண்டியை ஓட்டிச் சென்று, கையுறை மாட்டிக்கொண்டு, தடித்த குழாயைப் பொருத்தி, மலத்தொட்டியின் அடைப்பை முதலில் திறப்பார்கள். அது முழுதும் வடிந்த பிறகே சோப்பு நீர்த் தொட்டியைத் திறப்பது வழக்கம். அந்த நீர் குழாயையும் அலசிவிட்டுப் போகும். இந்த வேலையைத் தவறாமல் தன் கையால் செய்பவர் தண்ணீர்க் குழாயை வீணே திறந்துவிட மாட்டார். கூரையில் பதித்த சூரியத் தகடும் அப்படித்தான்: மழைமேகம் கவிந்த நாளில் எதை அணைக்க வேண்டும் என்று வண்டியிலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். எத்தனை பிரச்சாரம் செய்தாலும் வராத சிக்கனம் இங்கே பழக்கமாகவே படிந்துவிடுகிறது. இந்த வாழ்க்கையின் முதல் பேறு இதுதான் என்பேன்.

இரண்டாவது, செலவு. அமெரிக்க நில மேலாண்மைத் துறையிடம் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியில் ஓரிடத்தில் பொதுவாக 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். பிறகு இடம் மாற வேண்டும். அரிசோனா பாலைவனத்தில், சில ஆயிரம் பேரே வசிக்கும் குவார்ட்ஸ்சைட் ஊரையொட்டி நீண்டகாலத் தங்குமிடங்களையும் அத்துறை ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான ஏழு மாதப் பருவத்துக்கு அங்கே பல ஆண்டுகளாக வாங்கப்பட்டது 180 டாலர். பெருநகரங்களில் ஒரு வார வாடகைக்கே போதாத தொகை அது. வட மாநிலங்களில் பனி கொட்டும்போது தெற்கே இறங்கி, வெயில் ஏறும்போது மலைப்பக்கம் போய்விடலாம் என்பதால் குளிருக்கும் வெப்பத்துக்கும் ஆகும் எரிபொருளும் மிச்சம்.

மூன்றாவது, உறவு. நாடோடி வாழ்க்கை தனிமை தரும் என்பது பொதுவான எண்ணம். நடப்பது வேறு. 1990-களில் மணமுறிவுக்குப் பின் வண்டியில் குடியேறிய பாப் வெல்ஸ், அதே குவார்ட்ஸ்சைட் பக்கம் ஆண்டுதோறும் குளிர்காலக் கூடுகை ஒன்றை நடத்திவந்தார். பேட்டரி இணைப்பது முதல் தனியாகப் பயணிக்கும் பெண்களின் பாதுகாப்பு வரை மூத்தவர்கள் புதியவர்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் அடுக்ககத்தில் பத்தாண்டு வாழ்பவரைவிட, ஆண்டுக்கொருமுறை இங்கே சந்திப்பவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

இந்த மூன்று நிறைகளுமே வண்டி நிம்மதியாக நிற்க இடம் கிடைத்ததால் வந்தவை. குறைகளும் அந்த இடத்திலிருந்தே கிளம்புகின்றன.

முதல் சிக்கல், முகவரி. ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, காப்பீடு, வாக்குரிமை எல்லாம் நிலையான முகவரியைக் கேட்கின்றன. அதற்காகவே மாநில வருமானவரி இல்லாத தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மூன்றும் நாடோடிகளின் ‘சொந்த ஊர்’ ஆகிவிட்டன. கடிதங்களை வாங்கி அனுப்பிவைக்கும் நிறுவனம் ஒன்றில் பதிந்து, மாநிலத்தில் ஓர் இரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டினால் தெற்கு டகோட்டாவில் உரிமம் பெறலாம் என்ற ஏற்பாடு பலருக்கு உதவியது. ஆனால் 2023-ல் அதே மாநிலம், வாக்காளராகப் பதிய 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. வண்டிக்குக் கிடைத்த ஊர், வாக்குக்குக் கிடைக்காமல் போனது.

அடுத்தது மருத்துவம். 65 வயதைக் கடந்தவருக்கு அரசின் மெடிகேர் நாடு முழுவதும் செல்லும். அதற்குக் கீழே உள்ளவர் சந்தையில் வாங்கும் காப்பீடு பெரும்பாலும் அவர் பதிந்த மாவட்டத்து மருத்துவமனைகளோடு பிணைந்தது. வெளியே அவசரச் சிகிச்சை தவிர மற்றவற்றைக் கைப்பணத்தில் பார்க்க வேண்டியதுதான். நீரிழிவுக்காரரோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ மாதந்தோறும் ஒரே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அவர்களுக்கு இந்தச் சுதந்திரம் ஒரு மருத்துவமனையைச் சுற்றிய சிறு வட்டமாகச் சுருங்கிவிடுகிறது.

வண்டி பழுதானால் வீடும் சேர்ந்தே பட்டறைக்குப் போகிறது. உதிரிபாகம் வரும்வரை குடும்பம் விடுதியில் காத்திருக்கும். நிலத்தோடு கூடிய வீட்டின் விலை ஏறலாம். மோட்டார் ஹோமின் விலை வாங்கிய நாளிலிருந்து இறங்கும். பேருந்து அளவிலான பெரிய வண்டி லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. தினம் ஓடினால் மிச்சமெல்லாம் எரிபொருளில் கரைந்துவிடும். மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்பவருக்கே பணமும் மிஞ்சும், சுற்றுச்சூழலுக்கான நன்மையும் கூடும்.

பணம் தீர்ந்தவரின் நிலை இன்னும் கடினம். அமேசான் 2008-ல் தொடங்கிப் பின்னர் கைவிட்ட ‘கேம்பர்ஃபோர்ஸ்’ திட்டம், பண்டிகைக் காலக் கிடங்கு வேலைக்கு மோட்டார் ஹோம்வாசிகளையே தேடி எடுத்தது. வந்தவர்களில் கணிசமானோர் ஓய்வூதிய வயதினர். கான்கிரீட் தளத்தில் நாள் முழுக்க நடந்து பொருளெடுத்தார்கள். வேலை தந்ததைக் குறைசொல்ல மாட்டேன். அறுபது, எழுபது வயதில் அந்த வேலையை மறுக்க முடியாத நிலையைச் சுதந்திரம் என்று அழைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நகரங்களும் இரக்கம் காட்டுவதில்லை. வீடற்றோர் பொது இடத்தில் முகாமிட்டு உறங்குவதைத் தண்டிக்கும் ஊர்ச்சட்டங்கள் செல்லும் என்று 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6–3 எனத் தீர்ப்பளித்தது. விலையுயர்ந்த வண்டி கட்டண முகாமில் நிற்பது சுற்றுலாவாகிறது. பழைய வண்டி தெருவோரம் நின்றால் புகாராகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக முதுமை. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாத நாள் எல்லோருக்கும் வரும். 1978-ல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதியர் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கம் இதை உணர்ந்து, டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் ஒரு பராமரிப்பு மையத்தை ஏற்படுத்தியது. ஓட்ட இயலாதவர்கள் அங்கே தங்கள் வண்டியை நிறுத்தி அதிலேயே வசிக்கலாம். சாப்பாடு வரும், மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள், உடல்நலம் குன்றியவரைப் பகலில் கவனித்துக்கொள்வார்கள். இந்த வாழ்க்கைமுறை தன் பெரிய குறைக்குத் தானே கண்டுபிடித்த சிறந்த விடை இது. இத்தகைய இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பது வருத்தத்துக்குரியது.

எனவே மோட்டார் ஹோம் வாழ்க்கையைக் கனவென்று கொண்டாடவும் மாட்டேன், அவலமென்று ஒதுக்கவும் மாட்டேன். நல்ல உடல்நலம், பழுதுக்கென ஒதுக்கிய சேமிப்பு, தேவைப்பட்டால் திரும்பிப் போக ஒரு கூரை என்ற மூன்றும் உள்ளவருக்கு இது மனிதரைச் செம்மைப்படுத்தும் வாழ்க்கை. மூன்றும் இல்லாதவருக்கு இது வேறு வழியில்லாமல் ஏறிய வண்டி. அவரிடம் துணிச்சலைப் பற்றிப் பேசுவது கொடுமை. இந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகள் தெரிந்தவையே: பொது நிலத்தைக் குறைந்த கட்டணத்தில் திறந்து வைப்பது, மாநில எல்லை தாண்டிச் செல்லும் காப்பீடு, ஓட்ட முடியாதோருக்கு லிவிங்ஸ்டன் போன்ற மையங்கள். இவற்றைச் செய்யும் நாட்டில்தான் நாடோடியாக வாழ்வது உண்மையிலேயே ஒருவரின் சொந்தத் தேர்வாக இருக்க முடியும்.