குளுட்டமின் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

1983-இல் ஆக்ஸ்ஃபோர்டில் எரிக் நியூஸ்ஹோமும் அவருடன் பணியாற்றிய அர்தாவியும் எலியின் நிணநீர்க் கணுக்களிலிருந்து லிம்ஃபோசைட்டுகள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, அவை எதைத் தின்று பிழைக்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். குளுக்கோஸ்தான் அவற்றின் உணவு என்று நம்பப்பட்ட காலம் அது. ஆனால் குளுக்கோஸுக்குச் சளைக்காத வேகத்தில் அவை குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டன. அடுத்து கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களிலும் இதே போக்கு தெரிந்தது. நோய் எதிர்ப்பின் வளர்சிதை மாற்றம் பற்றி இன்று நடக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த வேரிலிருந்து இரண்டு கூற்றுகள் கிளைத்தன. எதிர்ப்பு செல்கள் அமினோ அமிலங்களை, குறிப்பாகக் குளுட்டமினை, ஏராளமாகச் செலவழிக்கின்றன என்பது ஒன்று. ஆகவே அதைக் கூடுதலாகக் கொடுத்தால் எதிர்ப்பு வலுப்படும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் முதலாவது உண்மை என்பதாலேயே இரண்டாவதும் உண்மையாகிவிடாது.

முதல் கூற்றுக்கு ஆதாரம் பலமாகவே இருக்கிறது. லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகையான டி செல், ஓய்வில் இருக்கும்போது கிருமியை அடையாளம் கண்டதும் ஒரு நாளுக்குள் பருத்து, பிறகு வேகமாகப் பிளக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு பிளவுக்கும் முழு டிஎன்ஏவையும் புதிதாக எழுத வேண்டும். அதன் எழுத்துகளுக்கு வேண்டிய நைட்ரஜனைக் குளுட்டமின் தருகிறது. அதன் கார்பன், குளுட்டமேட்டாக மாறி மைட்டோகாண்ட்ரியாவின் கிரெப்ஸ் சுழற்சிக்குள் போகிறது. செல்லை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கும் குளுட்டதயோனுக்கும் இதிலிருந்துதான் சரக்கு. சோதனைக்கூடத் தட்டில் குளுட்டமினை எடுத்துவிட்டால் செல் பெருக்கம் நின்றுபோகிறது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் நியூஸ்ஹோமின் அளவீடுகளிலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. உள்ளே போன குளுட்டமின் முழுமையாக எரிவதில்லை. அதில் பெரும்பங்கு குளுட்டமேட், அஸ்பார்ட்டேட், அம்மோனியா என்று பாதி வழியிலேயே வெளியேறிவிடுகிறது. ஆற்றல் கிடைக்கிறது, சரி. கட்டுமானப் பொருளாகவும் கட்டளை தரும் குறியாகவும் அமினோ அமிலங்கள் செய்யும் வேலை அதைவிடக் குறைந்ததல்ல. டண்டீ பல்கலைக்கழகத்தில் டோரீன் கான்ட்ரெல் குழு 2013-இல் இதைத் தெளிவாகக் காட்டியது. லூசின் போன்ற பெரிய அமினோ அமிலங்கள் நுழையும் ஒரு புரத வாயிலை எலியின் டி செல்களிலிருந்து நீக்கினார்கள். தூண்டுதல் கிடைத்தும் அந்தச் செல்கள் வளரவில்லை. வளர்ச்சிக்கான எம்டார், மிக் என்ற இரண்டு கட்டுப்பாடுகளும் முடங்கிக் கிடந்தன. எரிபொருள் என்ற ஒற்றைக் கணக்கில் இது அடங்காது.

சோதனைக்கூடத் தட்டின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பு செல்களை வளர்க்க உலகெங்கும் புழங்கும் ஆர்பிஎம்ஐ-1640 திரவத்தில் லிட்டருக்கு சுமார் 2 மில்லிமோல் குளுட்டமின் இருக்கிறது. மனித ரத்தத்தில் அது 0.5 முதல் 0.7 வரைதான். அர்ஜினின் விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது, ஏறத்தாழ பத்து மடங்கு. விருந்தில் ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதை வைத்து அவருடைய அன்றாடத் தேவையைக் கணக்கிடுவதைப் போன்றது இது.

முதல் கூற்றை நான் ஏற்கிறேன். இரண்டாவதைத் தடுமாற வைப்பவை அண்மைக்கால எலிச் சோதனைகள். குளுட்டமினை உடைக்கும் குளுட்டமினேஸ் என்ற நொதியை நீக்கினால் எல்லா டி செல்களும் சோர்ந்துபோக வேண்டும் அல்லவா? ஜெஃப்ரி ராத்மெல் குழு 2018-இல் கண்டது வேறு. அழற்சியைத் தூண்டும் டிஎச்17 வகை செல்கள் தளர்ந்தன. மாறாக, டிஎச்1 வகையிலும் கொல்லும் டி செல்களிலும் செயல்வேகம் கூடியது. அடுத்த ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜொனாதன் பவல் குழு குளுட்டமின் பயன்பாட்டைத் தடுக்கும் மருந்தைப் புற்றுநோய் வந்த எலிகளுக்குக் கொடுத்தது. கட்டியின் செல்கள் பட்டினியில் வாடின. டி செல்களோ மாற்று வழிக்குத் தாவி, முன்பைவிட உறுதியாகக் கட்டியைத் தாக்கின. குளுட்டமின் பயன்பாட்டைக் குறைத்ததால் எதிர்ப்பு கூடியிருக்கிறது! ‘எதிர்ப்புச் சக்தி’ என்று ஒரே பொருளாக எதுவும் இல்லை. பல வகைச் செல்களின் பல தேவைகள்தான் இருக்கின்றன.

எலியை விட்டு மனிதரிடம் வருவோம். தீர்ப்பு அங்கேதான் கிடைக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்பவர்கள் பலருக்கு ரத்தத்தில் குளுட்டமின் குறைந்திருப்பதும், அப்படிக் குறைந்தவர்கள் கூடுதலாக இறப்பதும் கவனிக்கப்பட்டது. குறைவதை நிரப்பலாமே என்ற எண்ணம் இயல்பானது. லிவர்பூலில் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் 84 நோயாளிகள். ஆறு மாதம் கழித்து, குளுட்டமின் பெற்ற 42 பேரில் 24 பேரும் பெறாத 42 பேரில் 14 பேரும் உயிரோடு இருந்தார்கள். நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. ஆனால் ஐந்தாறு பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் அந்த முடிவு கரைந்திருக்கும்.

பெரிய சோதனை 2013-இல் வந்தது. கனடாவின் டேரன் ஹேலண்ட் தலைமையில் நடந்த ரெடாக்ஸ் ஆய்வு அது. செயற்கை சுவாசத்தில் இருந்த, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்த 1,223 நோயாளிகள். மருத்துவமனையில் இறந்தவர்கள் குளுட்டமின் பெற்றோரில் 37.2 விழுக்காடு, பெறாதோரில் 31.0. ஆறு மாதத்தில் 43.7-க்கு 37.2. நன்மை செய்ய வந்த பொருளே உயிரிழப்பைக் கூட்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் மெட்டாபிளஸ் ஆய்வில் குளுட்டமினும் வேறு சத்துகளும் செறிந்த குழாய் உணவு தொற்றைக் குறைக்கவில்லை. அறுவை சிகிச்சையோ விபத்தோ இல்லாத மருத்துவ நோயாளிகளில் ஆறு மாத இறப்பு 35-க்குப் பதில் 54 விழுக்காடாக இருந்தது.

குளுட்டமின் ஆதரவாளர்களின் மறுப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ரெடாக்ஸில் அளவு மிக அதிகம் என்கிறார்கள். உண்மை. சிரை வழியாகவும் உணவுக் குழாய் வழியாகவும் சேர்த்தே கொடுத்தார்கள். சிறுநீரகம் பழுதானவர்களையும் சேர்த்தார்கள். அதுவும் உண்மை. குளுட்டமின் அளந்து பார்த்த சிறு குழுவில் மூன்றில் ஒருவருக்கு மட்டுமே குறைபாடு இருந்தது. அப்படியானால், தீக்காயம் பட்டவர்களிடமாவது பலிக்க வேண்டும். அவர்களுக்குத்தான் இழப்பு அதிகம், பரிந்துரைகளும் அவர்களுக்குச் சாதகமாகவே இருந்தன. 2022-இல் சுமார் 1,200 தீக்காய நோயாளிகளை வைத்து நடந்த ரீ-எனர்ஜைஸ் ஆய்வு அந்தக் கதவையும் சாத்தியது. உயிரோடு வீடு திரும்ப ஆன நாள்கள் 40-க்கு 38, அதுவும் போலி மருந்து பெற்றவர்கள் பக்கமே 38. ஆறு மாத இறப்பு 17.2-க்கு 16.2 விழுக்காடு. பயன் ஏதும் இல்லை.

என் தீர்ப்பு இது. எதிர்ப்பு செல்களுக்குக் குளுட்டமின் இன்றியமையாதது என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. கூடுதலாகக் கொடுத்தால் எதிர்ப்பு கூடும் என்பது, பெரிய சோதனைகளில் தோற்றுப்போன யூகம். ரத்தத்தில் அளவு குறைவதும் நோயின் தீவிரத்தைக் காட்டும் அறிகுறியாக இருக்கலாம். அறிகுறியை நிரப்புவது சிகிச்சையாகாது. புரதமே கிடைக்காமல் குவாஷியார்கரில் வாடும் குழந்தை தொற்றுக்கு எளிதில் இரையாவது வேறு விஷயம். அங்கே இருப்பது பட்டினி. அதற்கு மருந்து முட்டையும் பாலும் பருப்பும் சேர்ந்த முழு உணவு.

உடற்பயிற்சிக் கூடங்களிலும் இணையக் கடைகளிலும் எதிர்ப்புச் சக்தியின் பெயரால் குளுட்டமின் பொடி விற்கிறது. வேளாவேளைக்குப் புரதம் சாப்பிடுபவருக்கு அந்தப் பொடியால் நோய் வராது என்று சொல்ல உறுதியான ஆதாரம் கிடையாது. சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த டப்பாவைத் தொடவே வேண்டாம்.