தர்மப்பிரபுக்களின் வோட்டு

ராபர்ட் டிரெஸ்ஸல் என்ற புனைபெயரில் எழுதியவர் வீடுகளுக்கு வர்ணமடித்துப் பிழைத்தவர். 1911-இல் லிவர்பூலில் க்ஷயரோகத்தால் இறந்துபோனார். மகள் காப்பாற்றி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியை 1914-இல் வெட்டிச் சுருக்கிப் பிரசுரித்தார்கள். முழு நாவல் வெளிவர 1955 ஆயிற்று. தலைப்பைத் தமிழில் 'கந்தல் கால்சராய்த் தர்மப்பிரபுக்கள்' என்று சொல்லலாம். முதலாளிக்கு உழைப்பைத் தானம் பண்ணிவிட்டு வீட்டில் அரைப்பட்டினி கிடக்கும் தொழிலாளிகளே அந்தப் பிரபுக்கள்.

மூன்று தடவை படித்திருக்கிறேன். மூன்றாம் தடவைதான் ஆசிரியரோடு எனக்குச் சண்டை வந்தது.

தேர்தல் அத்தியாயத்தில் வந்த சண்டை அது. ஒரே கூலி வாங்குகிற ஆட்கள். அவர்களில் சிலர் லிபரல், சிலர் டோரி. ஒரு பணக்காரருக்காகவும் இன்னொரு பணக்காரருக்காகவும் தெருவில் மோதிக்கொள்கிறார்கள். சோஷலிஸம் பேச வந்த வண்டியின்மேல் கல் எறிகிறார்கள். ஏன் என்று கேட்டால், கதாநாயகன் ஓவனிடமும் சரி, ஆசிரியரிடமும் சரி, ஒரே பதில்தான்: அறியாமை.

எனக்கு அது போதவில்லை. இங்கிலாந்தில் கட்சி என்றால் வர்க்கம் என்பது ஒரு காலத்தில் பாலபாடம். கையால் உழைப்பவன் லேபர், மேஜைமுன் உட்காருபவன் கன்சர்வேடிவ். ஆனால் அந்தக் காலத்திலேயே தொழிலாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கன்சர்வேடிவுக்குத்தான் போட்டார். மெக்கென்ஸி, சில்வர் என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இவர்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். 'பெரிய குடும்பத்தார் ஆளப் பிறந்தவர்கள்' என்று பணிந்தவர்கள் ஒரு சாரார். 'இவர்கள் வந்தால் கையில் நாலு காசு மிஞ்சும்' என்று கணக்குப் பார்த்தவர்கள் இன்னொரு சாரார். இரண்டாவது சாராரை முட்டாள் என்று எப்படிச் சொல்வது?

2019-இல் பாலபாடமே மாறிவிட்டது. நிலக்கரிச் சுரங்கப் பிரதேசமான போல்ஸோவரில் 1970 முதல் இருந்துவந்த லேபர் அங்கத்தினர் தோற்றார். யூகவ் கணிப்பின்படி எழுபது தாண்டியவர்களில் 67 சதவிகிதம் கன்சர்வேடிவ். பதினெட்டிலிருந்து இருபத்துநாலு வரை 56 சதவிகிதம் லேபர். அப்பன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். ஒரே சாப்பாட்டு மேஜை!

கணக்கெடுப்பு 'மூன்றில் ஒருவர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அந்த ஒருவரின் வீட்டுக்குள் நுழையவேண்டியவன் நாவலாசிரியன். டிரெஸ்ஸல் வாசலில் நின்று திட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை? என் நாவல் ஒன்றில் எனக்குப் பிடிக்காத கட்சிக்காரர் ஒருவரைக் கோமாளியாக்கியிருந்தேன். கூட்டம் ஒன்றில் ஓர் இளைஞர் வந்து, "எங்கப்பா அந்தக் கட்சிதான் சார். நீங்க அவரைப் பார்த்ததே இல்லைன்னு தெரியறது" என்றார். அதில் கோபம்கூட இல்லை, அதுதான் சுட்டது.

டிரெஸ்ஸலிடமும் ஒரே ஒருவன் தப்பிப் பிழைத்திருக்கிறான். முன்பு சோஷலிஸ்டாக இருந்து, ஜனங்களிடமே அடிபட்டு, இப்போது கூலிக்கு லிபரல் மேடையில் பேசுகிறவன். தேர்தல் நேரத்தில் பாரிங்டனிடம் அவன் மனசைத் திறந்து கொட்டும் சில பக்கங்கள் நாவலிலேயே சிறந்தவை. அவனை ஆசிரியர் திட்டவில்லை, பேசவிட்டிருக்கிறார். அதே தெருவில் டோரிக்கு வோட்டுப் போட்ட வர்ணக்காரனுக்கும் இரண்டு பக்கம் கொடுத்திருந்தால், எனக்கும் அவருக்கும் சண்டையே வந்திராது.